பீட்டா ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கர்ப்பப் பரிசோதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கார்டில் இரண்டு கோடு விழுந்தால் சந்தோஷம், அப்புறம் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. (கரு தங்கினால் சுரக்கிற ஹார்மோன்) பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று எழுதி அதோடு முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் தவிப்பதே அதற்கு அப்புறம்தான், அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு லேபில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு வாசல் படியிலேயே நின்று போனில் யாருக்கோ எண்ணை வாசித்துக் காட்டி, அந்தப் பக்கத்திலிருந்து "என் தங்கச்சிக்கு அஞ்சாவது வாரத்துல நாலாயிரம் இருந்துச்சே" என்று ஒரு வார்த்தை வந்ததும் முகம் வெளிறிப்போகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கும், கூட வருகிற மாமியார்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆரம்பக் கர்ப்பத்தில் ஒரு பீட்டா எண் மட்டும் எதையும் முடிவாகச் சொல்லாது, 48 மணி நேரம் கழித்து அதே லேபில் எடுக்கிற இரண்டாவது எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும்.

இந்த எச்.சி.ஜி. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கியதும், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப்போகிற வெளிப்புறச் செல்கள் இதைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. முட்டை வெளியான 8 முதல் 11 நாளுக்குள் ரத்தத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். இது எதற்கு என்றால், முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்று மஞ்சளாக ஒரு சின்னத் திசு இருக்கும், அதுதான் கர்ப்பத்தைத் தாங்குகிற புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்காத மாதத்தில் அந்தத் திசு இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோன் இறங்கி மாதவிலக்கு வந்துவிடும். கரு தங்கிய மாதத்தில் எச்.சி.ஜி. வந்து அதைச் சுருங்கவிடாமல் வைத்துக்கொள்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது வாரம் ஆகும்போது நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோன் சுரக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும், அதற்குப் பிறகு அந்தச் சின்னத் திசுவை நம்பி இருக்க வேண்டியதில்லை. எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் எச்.சி.ஜி. உச்சத்துக்குப் போய்விட்டு அப்புறம் தானாகவே இறங்கும். மசக்கை கடுமையாக இருப்பதும் ஏறக்குறைய அந்த வாரங்களில்தான். பதிமூன்றாவது வாரத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பீட்டா எடுத்துப் பார்த்துவிட்டு "குறைஞ்சிருச்சே" என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் குறைவதுதான் இயல்பு.

இந்த ஹார்மோனைத் தடுத்துவிட்டால் கர்ப்பமே நிற்காது என்பதை வைத்து, டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர் எச்.சி.ஜி.-க்கு எதிராக ஒரு கருத்தடைத் தடுப்பூசியே செய்து பார்த்தார்கள். 148 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. போதிய எதிர்ப்பொருள் உடம்பில் இருந்த நாட்களில் 1,224 மாதச் சுழற்சிகளுக்கு ஒரே ஒரு கர்ப்பம்தான் உண்டானது. நஞ்சுக்கொடி முழுதாக உருவாகும் முன்பே சுரக்கிற இந்த ஒரு பொருளை நம்பித்தான் முதல் வாரங்களில் எல்லாம் நிற்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சாட்சி என்று இதைச் சொல்வேன்.

ரிப்போர்ட்டில் 'பீட்டா' என்று ஏன் போடுகிறோம் என்று கேட்பார்கள். இந்த ஹார்மோனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டு. ஆல்ஃபா துண்டு, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச். ஆகிய மூன்று ஹார்மோன்களிலும் இருப்பதுதான். பீட்டா துண்டுதான் எச்.சி.ஜி.-க்கு என்று தனி. (முதல் மூன்று மாதத்தில் தைராய்டு ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கொஞ்சம் இறங்கித் தெரிவதற்கும் இந்தச் சாயல்தான் காரணம், எச்.சி.ஜி. லேசாகத் தைராய்டையும் தூண்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதோ கூட்டுவதோ வேண்டாம்.) 1920-களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரண்டு பேர் பெண்ணின் சிறுநீரைக் குட்டி எலிகளுக்கு ஊசியாகப் போட்டு, நாலைந்து நாள் கழித்து எலியை அறுத்துச் சினைப்பையைப் பார்த்துத்தான் கர்ப்பமா இல்லையா என்று சொன்னார்கள். 1972-ல் அமெரிக்காவில் ஜூடித் வைட்டுகைட்டிஸ் என்ற பெண் விஞ்ஞானியும் கூட வேலை செய்தவர்களும் பீட்டா துண்டை மட்டும் பிடித்து அளக்கிற சோதனையைக் கொண்டுவந்த பிறகுதான் மிகக் குறைந்த அளவைக்கூட நம்பகமாக அளக்க முடிந்தது. இன்றைக்கு இரண்டு நாளில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாங்கள் சொல்ல முடிவது அதனால்தான்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். எங்கள் ரிப்போர்ட்டின் அடியிலேயே அட்டவணை இருக்கும், யாரும் படிப்பதில்லை. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்குப் போட்டு ஐந்தாவது வாரத்துக்குப் பொதுவாக அச்சிடுகிற அளவு 18 முதல் 7,340 வரை. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். 300 உள்ளவளும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம், 5,000 உள்ளவளும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம். கரு ஒருத்திக்கு ஒரு நாள் முன்னால் ஒட்டியிருக்கும், இன்னொருத்திக்கு மூன்று நாள் பின்னால், மாதவிலக்குத் தேதியைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்களும் குறைவு. தங்கச்சி எண்ணோடு ஒப்பிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். முல்லைப் பெரியாறு அணையில் இன்றைக்கு 130 அடி என்று உங்கள் பேப்பரில் போட்டால், நாம் உடனே நேற்று எவ்வளவு என்றுதான் பார்ப்போம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாமல் யாரும் நாற்றுப் பாவுவதில்லை. பீட்டாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஏற வேண்டும்? இரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டும் என்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஏறும், ஆனால் இரட்டிப்பாகாவிட்டால் கர்ப்பம் போச்சு என்று அர்த்தம் இல்லை. இப்போது மகப்பேறு டாக்டர்கள் பின்பற்றுகிற அளவுகோல் இது: முதல் எண் 1,500-க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம், 1,500-லிருந்து 3,000-க்குள் இருந்தால் 40 சதவீதம், 3,000-க்கு மேல் என்றால் 33 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். 400 இருந்தது 640 ஆனால் அது இரட்டிப்பு இல்லை, ஆனால் 60 சதவீத ஏற்றம், தாராளமாகப் போதும். இது தெரியாமல் 640-ஐப் பார்த்துவிட்டு "கரு சரியில்லையாம்" என்று வீட்டில் ஒப்பாரி வைத்து, ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் கலைக்க மாத்திரை தேடுகிறார்கள். அதே சமயம் இந்த அளவுக்குக் கீழே ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். எண் ஒழுங்காக ஏறினாலும் ஸ்கேன் கட்டாயம், ஏனென்றால் கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கருவும் சில சமயம் நல்ல கர்ப்பம் போலவே ஏறிக் காட்டும்.

கேரள எல்லைப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. கூடலூர், கம்பம், தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். நாள் தள்ளிப் போய், தோட்டத்தில் மயக்கம் வந்தால் வண்டன்மேட்டிலோ கட்டப்பனையிலோ ஒரு லேபில் முதல் பீட்டா எடுக்கிறார்கள். இரண்டாவதை ஊருக்கு வந்து எங்களைப் போன்ற லேபில் எடுக்கிறார்கள். மெஷினும் ரசாயனமும் லேபுக்கு லேப் வேறு. ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தால்கூட எண் வித்தியாசப்படும், யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் அங்கே எடுத்த 900-ஐயும் இங்கே எடுத்த 1,150-ஐயும் பக்கத்தில் வைத்து ஏற்றம் பத்தாது என்று சொன்னால் அந்தக் கணக்கே தப்பு. முதல் தடவை எங்கே எடுத்தீர்களோ இரண்டாவதும் அங்கேதான் எடுக்க வேண்டும். அதற்கு வழியே இல்லை என்றால் புது லேபில் எடுப்பதை முதல் எண்ணாக வைத்துக்கொண்டு, 48 மணி கழித்து அங்கேயே இன்னொன்று எடுங்கள். இடையில் வலியோ ரத்தப்போக்கோ வந்தால் அந்த 48 மணிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. எந்த மாநிலத்தில் எடுத்தாலும் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.

குழாயில் கரு தங்குவதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாயின் உயிரைப் பறிக்கிற முக்கியக் காரணம் அதுதான். கருக்குழாயில் ஒட்டினாலும் எச்.சி.ஜி. சுரக்கும், கார்டில் இரண்டு கோடு விழும், மசக்கையும் இருக்கும். கரு வளர வளரக் குழாய் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, லேசாகக் கறை படுவது, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, எழுந்தால் கண் இருட்டுவது, இதில் எது இருந்தாலும் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, அடுத்த நாள் ஜீப்புக்கும் போகக் கூடாது. எங்கள் பக்கம் என்றால் க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ஐக் கூப்பிட்டு உடனே போய்விடுங்கள்.

இதிலே எனக்கு மிகவும் பயமாக இருப்பது மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிற கருக்கலைப்பு மாத்திரை. ஸ்கேன் பார்க்காமல் அதைச் சாப்பிட்டால் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் போகும், சரி எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குழாயில் இருக்கிற கருவை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்கு அங்கே வளர்ந்துகொண்டிருக்கும். மாத்திரை சாப்பிட்டதால் வந்த வலி என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். பதிவு பெற்ற டாக்டர் மூலமாகத்தான் அந்த மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் அதே சட்டம்தான். கலைந்த பிறகும் கார்டு சில வாரங்களுக்கு இரண்டு கோடு காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரத்தத்திலிருந்து எச்.சி.ஜி. முழுதாகப் போக அத்தனை நாள் ஆகும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு தடவை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற பெண்களை எனக்குத் தெரியும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் குழாயை வெட்டி எடுக்காமலேயே, கரு வளர்வதை நிறுத்துகிற மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஊசியில் பலருக்குச் சரியாகிறது. அங்கேயும் எச்.சி.ஜி.தான் வழிகாட்டி. ஊசி போட்ட நான்காம் நாளும் ஏழாம் நாளும் பீட்டா எடுப்பார்கள். நான்காம் நாள் எண் முன்பைவிட ஏறியிருப்பது சகஜம், ஊசி பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் குறைந்தது 15 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும், அதன் பிறகு வாரம் ஒரு தடவை, கர்ப்பம் இல்லாத அளவுக்கு வரும்வரை. இந்த வாரங்களில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கூடாது, அது ஊசியின் வேலையைக் கெடுக்கும். நர்ஸம்மா முதலில் கொடுத்த மாத்திரைதானே என்று தொடர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. வலி போனதும் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவதால் வாராவாரம் ரத்தம் கொடுக்க வராமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. எண் இறங்கி முடியாமல் நின்றால் குழாய் அப்புறமும் கிழியலாம் என்று அவர்களிடம் யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

முத்துப்பிள்ளை கர்ப்பம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் குலை மாதிரி வளர்ந்துவிடுவது அது. எச்.சி.ஜி. சுரக்கிற திசுவே அளவுக்கு மீறி வளர்வதால் எண் லட்சத்தைத் தாண்டிப் போகும், வாந்தி தாங்க முடியாது, வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கும். அளவு மிக மிக அதிகமானால் கார்டு குழம்பிப்போய் மங்கலாகவோ இல்லை என்றோகூடக் காட்டிவிடும். இப்படி ஒரு கர்ப்பம் வந்துவிட்டால் அந்தப் பெண் எதையோ தாண்டினாள், எதையோ சாப்பிட்டாள், அவள் ஜாதகம் சரியில்லை என்று எத்தனை பேச்சு. முழு முத்துப்பிள்ளையில் குரோமோசோம்கள் அத்தனையும் ஆண் பக்கத்திலிருந்து வந்தவை என்பதை அந்த வீட்டுப் பெரியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஆணையும் குறை சொல்லவில்லை, யாரும் தெரிந்து செய்கிற காரியம் இல்லை அது. ஆனால் பெண்ணைக் கரித்துக்கொட்டுவதை நிறுத்துங்கள்.

முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்து எடுத்ததோடு வேலை முடியாது. வாராவாரம் பீட்டா எடுத்து, எண் இயல்புக்கு வந்து தொடர்ந்து அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறமும் டாக்டர் சொல்கிற மாதங்கள் வரை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். சிலருக்கு மிச்சமிருக்கிற திசு மறுபடி வளர்ந்து புற்றாக மாறலாம், அதை முதலில் காட்டிக்கொடுப்பது எச்.சி.ஜி. மறுபடி ஏறுவதுதான். அந்த மாதங்களில் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்வதும் இதற்காகத்தான், புதுக் கர்ப்பத்திலும் எச்.சி.ஜி. ஏறும், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். "ஏற்கெனவே ஒண்ணு போச்சு, சீக்கிரம் அடுத்ததைப் பெத்துக்க" என்று அவசரப்படுத்துகிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

இந்தப் புற்று மெத்தோட்ரெக்ஸேட்டில் குணமாகும் என்று 1956-ல் காட்டியவர்கள் அமெரிக்காவில் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர்கள். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் எச்.சி.ஜி. அடியோடு மறையும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்று லீ பிடிவாதமாக இருந்ததற்காக அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அவர் முறையில் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு நோய் திரும்பி வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது, 1972-ல் லாஸ்கர் விருதும் கொடுத்தார்கள். பீட்டா முழுதாக இறங்கும்வரை வந்துகொண்டே இருங்கள் என்று நான் கவுன்டரில் நின்று மன்றாடுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டை வெடிக்கிற ஊசி என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதே எச்.சி.ஜி.தான், 5,000 அல்லது 10,000 யூனிட் போடுவார்கள், சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்தும் உண்டு, ஆய்வகத்தில் செல்களை வளர்த்துத் தயாரிக்கிறதும் உண்டு. போட்ட ஊசி உடம்பைவிட்டு முழுதாகப் போகப் பத்துப் பதினாலு நாள் ஆகலாம். ஒரு வாரத்திலேயே ஆசை தாங்காமல் கார்டு வைத்துப் பார்த்தால் இரண்டு கோடு விழும், அது ஊசியின் கோடு. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் மாதவிலக்கு வரும்போது அந்தப் பெண் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிவரை பொறுங்கள். ஊசிக்குப் பிறகு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் மட்டும் பொறுக்கக் கூடாது, சினைப்பை மிதமிஞ்சித் தூண்டப்பட்டிருக்கலாம், உடனே போக வேண்டும்.

அப்புறம், பதினொன்றிலிருந்து பதிமூன்றாவது வாரம் வரை எடுக்கிற டபுள் மார்க்கர் சோதனையிலும் பீட்டா எச்.சி.ஜி. உண்டு. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடத்தான் அது. அதிக வாய்ப்பு என்று வந்தால்கூட அடுத்த சோதனை பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது. கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், கவுன்டரில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்காதீர்கள்.

இரண்டாவது ரத்தத்துக்கு வராததற்கு எங்கள் பெண்கள் சொல்கிற காரணம் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான், அறியாமை என்று அவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. அளவு சொல்கிற பீட்டா சோதனை தாலுகா அளவில் எல்லா அரசு மருத்துவமனையிலும், இரண்டு தடவையும் காசில்லாமல், அன்றைக்கே ரிப்போர்ட் கையில் கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு நீங்கள் எழுத வேண்டும். டாக்டர்கள் "ரிப்பீட்" என்று மட்டும் எழுதாமல் தேதியையும் நேரத்தையும் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கட்டும். தோட்டத்துக் கங்காணிகளும் முதலாளிகளும் அந்தச் சீட்டைக் காட்டினால் அரை நாளாவது கூலியோடு விடட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. முழுதாகப் போட இடமில்லை என்றால் 48 மணி நேரக் கணக்கும், குழாய்க் கர்ப்பத்தின் அறிகுறிகளும் இருக்கிற பத்திகளை மட்டுமாவது போடுங்கள், எழுத்தைச் சின்னதாக்காமல் போடுங்கள், ஜீப்பில் போகும்போது படிக்கிறவர்கள் அவர்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீசியன்,
கூடலூர், தேனி மாவட்டம்.